ஒரே பிழை, வெவ்வேறு ஏடுகள்

போடிநாயக்கனூரிலும் அதனையடுத்த சிலமலையிலும் வாழும் நமக்கு மேற்கு என்றால் ஏலமலைதான். போடிமெட்டு வழியே அம்மலையைக் கடந்தால் சேரநாடு, அதற்கப்பால் கடல், கடலுக்கப்பால் யவனரும் அரேபியரும் யூதரும். ஆகவே இப்பகுதியின் பழமையை எழுதப் புகுவோர் ஏலக்காயில் தொடங்கி, தொலைவிலுள்ள ஏதேனும் ஒரு துறைமுகத்தில் கொண்டுபோய் முடிப்பது வழக்கமாகிவிட்டது. நாமும் அவ்வழியே சற்றுத் தூரம் நடந்துவிட்டு, வேறொரு சான்றின் துணையோடு திரும்பி வரப்போகிறோம். அச்சான்று கல்லிலும் செம்பிலும் வெட்டப்பட்டதன்று. மனித உயிரணுவுக்குள் எழுதப்பட்டிருப்பது.

முதலில் புதிரைச் சொல்லிவிடுவோம். பெங்களூரில் உள்ள இந்திய அறிவியல் கழகத்தின் ஆய்வாளர்கள், தென்னிந்தியாவைச் சேர்ந்த 61 நோயாளிகளின் மரபணுக்களைச் சோதித்து 2009இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். அனைவரும் மார்பகப் புற்றுநோயோ சினைப்பைப் புற்றுநோயோ கண்டவர்கள். அனைவர் குடும்பத்திலும் அந்நோய் முன்பே இருந்தது. அவர்களுள் 17 பேரிடம் நோய்க்குக் காரணமான மரபணுப் பிழை கண்டறியப்பட்டது. அந்தப் பதினேழில் 10 பேரிடம் இருந்தது ஒரே பிழை. பிஆர்சிஏ1 என்னும் மரபணுவின் தொடக்கப் பகுதியில் ஏ, ஜி என்னும் இரண்டு எழுத்துகள் விடுபட்டுப்போன பிழை அது. ஆய்வுலகில் அதற்கு 185டெல்ஏஜி என்று பெயர்.

இப்பிழை உலகம் அறிந்த ஒன்று. கிழக்கு ஐரோப்பாவில் வாழ்ந்த அஷ்கெனாசி யூதர்களிடையே ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவரிடம் இது இருப்பதாக 1995இல் தெரியவந்தது. அன்று முதல் 'யூதர்களின் மரபணுப் பிழை' என்றே பலரும் இதனைக் குறிப்பிடத் தலைப்பட்டனர். அப்படியானால் அது தென்னிந்தியப் பெண்களிடம் எவ்வாறு வந்தது?

வரலாற்றில் ஆர்வமுள்ள எவருக்கும் விடை நாவின் நுனியில் நிற்கும். முசிறித் துறைமுகத்திற்கு மேலை நாட்டுக் கலங்கள் வந்தன. கி.பி. 849ஆம் ஆண்டுக் கொல்லம் செப்பேட்டில் அரபு, பாரசீக எழுத்துகளுடன் எபிரேய எழுத்தில் எழுதிய பாரசீகக் கையொப்பங்களும் உள்ளன. கி.பி. 1000 அளவில் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன், யோசேப்பு ரப்பான் என்னும் யூத வணிகத் தலைவனுக்கு அஞ்சுவண்ணமும் எழுபத்திரண்டு உரிமைகளும் வழங்கிய செப்பேடு வட்டெழுத்தில் இருக்கிறது. அதன் மொழி நம் தமிழுக்கு மிக நெருங்கியது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஆபிரகாம் பென் யிஜு என்னும் யூத வணிகர் மங்களூரில் தங்கி மிளகும் ஏலமும் ஏற்றுமதி செய்தார்; அவருடைய கடிதங்கள் கெய்ரோ நகரத்துப் பழைய தொழுகைக்கூடத்தின் ஏட்டறையில் கிடைத்தன. மட்டாஞ்சேரியில் 1568இல் எழுந்த யூதத் தொழுகைக்கூடம் இன்றும் நிற்கிறது. ஏலம் விளையும் மலை, ஏலம் வாங்க வந்த வணிகர், அவரோடு வந்த மரபணு: மூன்றையும் ஒரே நூலில் கோத்துவிட்டால் அழகான ஒரு கதை கிடைத்துவிடும்.

கதை அழகாக இருக்கிறது என்பதற்காக அதை ஏற்றுக்கொள்ளலாகாது. இதைத் தீர்க்க மரபணு அறிவியல் கையாண்ட முறை, நம் பதிப்பாசிரியர்கள் நன்கறிந்த ஒன்று.

உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது பல ஊர்களிலிருந்து பல ஏடுகளைத் திரட்டி ஒப்பிட்டார். ஏட்டுக்கு ஏடு பாடம் வேறுபடும். எந்த ஏட்டைப் பார்த்து எந்த ஏடு எழுதப்பட்டது என்று தெரியாமல் மூலபாடத்தை நெருங்க முடியாது. அதற்குத் துணை நிற்பவை பிழைகளே. இரண்டு ஏடுகளில் ஒரே பிழை இருந்தால் அவை ஒரே தாய் ஏட்டிலிருந்து வந்தவை என்று கருத இடமுண்டு. ஆனால் இவ்விதிக்கு ஒரு விலக்கும் உண்டு. ஒரு சொல் அடுத்தடுத்து இருமுறை வரும் இடத்தில், எழுதுபவரின் கண் ஒன்றைத் தாண்டி மற்றொன்றில் விழுந்துவிடும். ஒரு சொல் விடுபட்டுப்போகும். திருநெல்வேலியில் எழுதியவரும் அப்படியே தவறுவார். யாழ்ப்பாணத்தில் எழுதியவரும் அப்படியே தவறுவார். ஒருவர் ஏட்டை மற்றவர் பார்த்திருக்கவே வேண்டியதில்லை. எனவே பிழையை மட்டும் பார்த்தால் போதாது. பிழையைச் சுற்றியுள்ள வரிகளில் வேறு தனிக்கூறுகளும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க வேண்டும்.

மரபணு ஆய்விலும் இதுவே முறை. அங்கே சுற்றியுள்ள வரிகளாக நின்று சாட்சி சொல்பவை, ஒரு காலத்தில் குப்பை என்று ஒதுக்கப்பட்ட மறுதொடர்கள். அவற்றின் வரலாற்றைச் சிறிது பார்த்துவிட்டு நம் புதிருக்கு வருவோம்.

டி.என்.ஏ என்பது ஏ, டி, ஜி, சி என்னும் நான்கே எழுத்துகளால் ஆன நீண்ட வாசகம். மனிதரிடம் ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள் உள்ளன. இவற்றுள் புரதங்களை ஆக்கும் குறிப்புகள் நூற்றுக்கு இரண்டு பங்குகூட இல்லை. ஏறத்தாழப் பாதி, திரும்பத் திரும்ப வரும் தொடர்கள். 1968இல் ராய் பிரிட்டன், டேவிட் கோனி என்னும் இருவர் உயர் உயிர்களின் டி.என்.ஏவில் இத்தகைய மறுதொடர்கள் மிகுந்திருப்பதை விரிவாக எடுத்துக்காட்டினர். 1972இல் சுசுமு ஓனோ, பயனற்றதாகத் தோன்றும் டி.என்.ஏவைக் 'குப்பை' என்று அழைத்தார். பெயர் நிலைத்துவிட்டது.

மறுதொடர்களில் இருவகை உண்டு. ஒரு வகை, நீண்ட வாசகம் ஒன்று தன் படியை வெவ்வேறு இடங்களில் செருகிக்கொண்டே போவது. ஏறத்தாழ 300 எழுத்து நீளமுள்ள 'அலு' என்னும் தொடர் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட படிகளாக நம் உடலில் பரந்து கிடக்கிறது. மற்றொரு வகை, சிஏசிஏசிஏ என்பதுபோல் இரண்டு மூன்று எழுத்துகள் ஒரே இடத்தில் அடுக்கி வருவது. தமிழ் இலக்கணம் கற்றவர்களுக்கு இரட்டைக்கிளவி நினைவுக்கு வரலாம். பிரித்தால் பொருள் தராது, சேர்ந்து வருவதே அதன் இயல்பு. இந்த இரண்டாம் வகையில் அடுக்கின் எண்ணிக்கை ஆளுக்கு ஆள் வேறுபடும். ஒருவருக்கு ஓரிடத்தில் 14 முறை; மற்றொருவருக்கு அதே இடத்தில் 19 முறை. இந்த வேறுபாடு பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு இறங்கும்.

1984இல் இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் அலெக் ஜெஃப்ரீஸ், இத்தகைய அடுக்குகளைக் கொண்டு ஒருவரை அடையாளம் காணலாம் என்று கண்டார். இந்தியாவில் இதே இலக்கை அடைந்த லால்ஜி சிங் வந்த வழி வேறு. மஞ்சளும் கறுப்புமாய்ப் பட்டையிட்ட கட்டுவிரியன் பாம்பின் பால் குரோமோசோமை ஆராய்ந்தபோது, ஜிஏடிஏ என்னும் நான்கெழுத்து மீண்டும் மீண்டும் வரும் தொடர் அவருக்குக் கிட்டியது. எடின்பரோவில் பல ஆண்டுகள் பணியாற்றிவிட்டு 1987இல் ஐதராபாத்தின் உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்துக்கு வந்தவர், அந்தப் பாம்பின் தொடரைக் கொண்டே மனிதரை அடையாளம் காணும் முறையை உருவாக்கினார். 1991இல் திருப்பெரும்புதூரில் நிகழ்ந்த ராஜீவ் காந்தி கொலை வழக்கிலும், 1997இல் புதுக்கோட்டை நீதிமன்றம் தீர்ப்பளித்த பிரேமானந்தா வழக்கிலும் இம்முறையின் சான்றுகள் இடம்பெற்றன. குப்பை நீதிமன்றக் கூண்டில் ஏறிச் சாட்சி சொன்னது.

புற்றுநோய் மரபணுவைக் காட்டிக்கொடுத்ததும் அத்தகைய ஓர் அடுக்குத்தான். மார்பகப் புற்றுநோய் சில குடும்பங்களில் மரபுவழி இறங்குகிறது என்பதைப் பலர் நம்பாத காலத்தில், மேரி கிளேர் கிங் என்னும் அமெரிக்க அறிவியலாளர் 23 குடும்பங்களில் 146 நோயாளிகளின் வரலாற்றைத் தொகுத்தார். 17ஆம் குரோமோசோமில் உள்ள ஓர் அடுக்கும் இளம்வயதில் வரும் நோயும் இக்குடும்பங்களில் சேர்ந்தே இறங்குவதை அவர் 1990இல் காட்டினார். அந்த அடுக்கு நோய்க்குக் காரணமன்று. நோய் மரபணு அருகில் எங்கோ இருக்கிறது என்று சொல்லும் எல்லைக்கல் மட்டுமே. அக்கல்லைச் சுற்றித் தோண்டியவர்கள் 1994இல் பிஆர்சிஏ1 மரபணுவைக் கண்டெடுத்தனர்.

டி.என்.ஏ இழைகள் அறுந்துபோகும்போது அவற்றை ஒட்டும் வேலையில் பங்கு கொள்ளும் புரதத்தை இம்மரபணு ஆக்குகிறது. முழுப்புரதம் 1863 அமினோ அமிலங்கள் நீளமுடையது. 185டெல்ஏஜி பிழை நேர்ந்தால் அதன்பின் வரும் மூவெழுத்துச் சொற்களெல்லாம் இடம் மாறி, 39ஆம் சொல்லில் முற்றுப்புள்ளி விழுந்துவிடும். நூலின் முதல் பக்கத்திலேயே 'முற்றிற்று' என்று எழுதியதற்கு ஒப்பாகும் இது.

இனி நம் புதிருக்கு வருவோம். பிஆர்சிஏ1 மரபணுவின் உள்ளும் இருபுறமும் எண்ணிக்கை வேறுபடும் அடுக்குகள் பல உள்ளன. பிழை உடைய ஒருவரிடம் ஒவ்வோர் அடுக்கும் எத்தனை முறை வருகிறது என்று எண்ணி வரிசையாக எழுதினால், அப்பிழை எந்த மூதாதையின் குரோமோசோமில் தோன்றியதோ அதன் முகவரி கிடைக்கும்.

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் சான் லூயிஸ் பள்ளத்தாக்கு என்றோர் இடம் உண்டு. அங்கே பல தலைமுறைகளாகக் கத்தோலிக்கர்களாக வாழ்ந்துவரும் ஸ்பானிய வழியினரிடம் இப்பிழை இருப்பது 2003இல் வெளியாயிற்று. சுற்றியுள்ள அடுக்குகளை எண்ணிப் பார்த்தபோது அவை யூதர்களின் வரிசையோடு ஒத்தன. 1492இல் ஸ்பெயின் யூதர்களை வெளியேற்றியபோதும் அதற்கு முன்னும் மதம் மாறி வாழ்ந்தவர்களின் வழித்தோன்றல்கள் அவர்கள். குடும்பக் கதைகள் மறந்துவிட்ட உறவை மறுதொடர்கள் மறக்கவில்லை.

அதே சோதனை நம் பக்கம் வேறு விடையைத் தந்தது. இப்பிழை உடைய ஓர் இந்தியக் குடும்பத்தின் அடுக்குகளை யூதர்களின் அடுக்குகளோடு ஒப்பிட்ட ஆய்வு 2007இல் வெளியானது. வரிசைகள் பொருந்தவில்லை, அக்குடும்பத்தில் இப்பிழை தனியாகத் தோன்றியது என்பதே அதன் முடிவு. 2013இல் 115 குடும்பங்களை உள்ளடக்கிய பெரிய ஆய்வொன்று வந்தது. கொச்சி யூதர்களும் அதில் சேர்க்கப்பட்டிருந்தனர். அஷ்கெனாசி யூதர்களிடையே இப்பிழை ஏறத்தாழ 61 தலைமுறைகளுக்கு முன் தோன்றியது என்றும், யூதரல்லாத மலேசியரிடமும் ஆங்கிலேயரிடமும் குறைந்தது இருமுறை தனித்தனியே தோன்றியது என்றும் அவ்வாய்வு கணக்கிட்டது.

ஒரு குடும்பத்தின் முடிவைக் கொண்டு தென்னிந்தியர் அனைவரையும் அளந்துவிட முடியாது என்பது உண்மைதான். ஆயினும் ஒன்று உறுதியாயிற்று. இப்பிழை ஓரிடத்தில் இருப்பதால் மட்டும் அங்கே யூத இரத்தம் கலந்தது என்று சொல்ல முடியாது. முசிறியும் மட்டாஞ்சேரியும் மெய்; செப்பேடுகள் மெய்; ஆனால் நம் பெண்களின் நோயை அவற்றோடு முடிச்சுப்போடச் சான்று இல்லை.

ஒரே பிழை வெவ்வேறு இடங்களில் தானே தோன்றுவது எப்படி? பிழை நேர்ந்த இடத்தின் எழுத்துகளைப் பார்த்தால் காரணம் புலப்படும். அங்கே டிடிஏஜிஏஜிடிஜி என்றிருக்கிறது. ஏஜி என்பது அடுத்தடுத்து இருமுறை வருகிறது; பிழையில் ஒன்று விடுபட்டுப்போகிறது. ஏடெழுதுபவர் தடுக்கி விழும் அதே இடம்! உயிரணு பிரியும்போது டி.என்.ஏவைப் படியெடுக்கும் நொதி, திரும்ப வரும் எழுத்துகளில் வழுக்கிவிடும் என்பதை ஜார்ஜ் ஸ்ட்ரைசிங்கர் 1966லேயே விளக்கியிருந்தார். நம் பதிப்பாசிரியர்கள் சொல்லும் விலக்கு இங்கும் அப்படியே பொருந்துகிறது.

மறுதொடர்களுக்கும் புற்றுநோய் மரபணுக்களுக்கும் உள்ள தொடர்பு இத்தோடு நிற்பதில்லை. பிஆர்சிஏ1 அமைந்துள்ள பகுதியில் நூற்றுக்கு 41 பங்குக்குமேல் 'அலு' தொடர்களே என்று 1996இல் தெரியவந்தது. ஒன்றையொன்று ஒத்த இரண்டு 'அலு'கள் தவறாக இணைந்துகொண்டால் இடையிலுள்ள பகுதி முழுதும் கழன்று போய்விடும். நெதர்லாந்துக் குடும்பங்களில் இத்தகைய பெரிய இழப்புகள் இருப்பதையும், எழுத்தெழுத்தாகப் படிக்கும் வழக்கமான சோதனை அவற்றைத் தவறவிடுவதையும் 1997இல் கண்டனர். ஓர் எழுத்துப்பிழையைத் தேடுபவருக்கு ஒரு பக்கமே கிழிந்திருப்பது தெரியாமல் போனதுண்டு.

இன்னொரு நோய் இதனினும் வியப்பானது. 1895இல் அமெரிக்காவின் ஆன் ஆர்பர் நகரில் ஒரு தையற்காரப் பெண், தன் குடும்பத்தில் பலரும் குடலிலோ கருப்பையிலோ புற்றுநோய் கண்டே இறந்தனர் என்றும், தானும் அவ்வாறே இறப்பேன் என்றும் ஆல்ட்ரெட் வார்த்தின் என்னும் மருத்துவரிடம் சொன்னார். அவ்வாறே இறந்தார். வார்த்தின் அக்குடும்பத்தின் வரலாற்றை 1913இல் வெளியிட்டார். 1960களில் ஹென்றி லிஞ்ச் அதனைத் தொடர்ந்தார். இந்நோயாளிகளின் கட்டிகளில் டி.என்.ஏவின் அடுக்குகள் எல்லாம் நீண்டும் குறுகியும் சிதைந்திருப்பது 1993இல் கண்டறியப்பட்டது. காரணம், அவர்களிடம் கெட்டுப்போயிருந்தது மெய்ப்புத் திருத்தும் மரபணு. படியெடுக்கும் நொதி வழுக்கிய இடங்களைத் தேடித் திருத்துவது அதன் பணி. திருத்துபவர் இல்லாத அச்சகத்தில் அடுக்கு வரும் இடமெல்லாம் பிழை மலியும். கட்டி வளராமல் தடுக்கும் சில மரபணுக்களுக்குள்ளேயே ஒரே எழுத்து எட்டு முறை, பத்து முறை அடுக்கி வரும் இடங்கள் உள்ளன. அவையும் அப்போது கெடுகின்றன. இவ்வாறு அடுக்குகள் சிதைந்த கட்டிகளுக்கு, அவை எந்த உறுப்பில் இருந்தாலும், பெம்ப்ரோலிசுமாப் என்னும் மருந்தைத் தரலாம் என்று 2017இல் அமெரிக்கா ஒப்புதல் அளித்தது. உறுப்பைப் பார்க்காமல் மரபணு அடையாளத்தை மட்டும் பார்த்து அந்நாட்டில் ஒப்பப்பட்ட முதல் புற்றுநோய் மருத்துவம் இதுவே.

இவையெல்லாம் சிலமலைக்கு என்ன பயன் என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான்.

ஒரு வீட்டில் தாயும் மகளும் அடுத்தடுத்து இந்நோயால் மாண்டால் அதைச் சாபம் என்பார்கள். குடும்பத்துக்கு ஆகாதது என்பார்கள். பெண் கொடுக்கவும் எடுக்கவும் தயங்குவார்கள். அதனால் வீட்டார் நோயையே மறைப்பார்கள். அந்தத் தையற்காரப் பெண் வாய்விட்டுச் சொன்னதுபோல் சொல்ல நம் பெண்களுக்கு இடம் கொடுப்பதில்லை. பிஆர்சிஏ1 பிழை உடைய பெண்களுள் ஏறத்தாழ நூற்றுக்கு 72 பேருக்கு எண்பது வயதுக்குள் மார்பகப் புற்றுநோயும், 44 பேருக்குச் சினைப்பைப் புற்றுநோயும் வரக்கூடும் என்று 2017இல் வெளியான பன்னாட்டு ஆய்வு மதிப்பிட்டது. இவ்வளவு பெரிய அபாயத்தை மறைவில் வைத்திருப்பது கொடுமை.

மற்றொன்றையும் நினைவிற்கொள்ள வேண்டும். இப்பிழை தாய்வழியில் மட்டும் வருவதன்று. தந்தையிடம் இருந்தாலும் ஒவ்வொரு பிள்ளைக்கும் இறங்கப் பாதி வாய்ப்பு உண்டு. தந்தை நோயின்றி வாழ்ந்திருக்கலாம். மருத்துவர் குடும்ப வரலாறு கேட்கும்போது நாம் அம்மாவையும் சித்தியையும் சொல்கிறோம். அத்தையைச் சொல்ல மறந்துவிடுகிறோம். மணமாகி வேறு வீட்டுக்குப் போனவரின் நோய் அந்த வீட்டு நோயாகிவிடுகிறது. ஆனால் மரபணுக் கணக்கில் அத்தை அயலார் அல்லர்.

'யூதர்களின் பிழை' என்ற பெயரால் விளையும் தீங்கும் இங்கேதான். அது வேற்றாருடையது என்று எண்ணும் மருத்துவர் அதைத் தேடமாட்டார், நோயாளியும் கேட்கமாட்டார். சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையின் ஆய்வாளர்கள் தென்னிந்தியக் குடும்பங்களில் இம்மரபணுக்களை ஆராய்ந்து 2003லேயே கட்டுரை எழுதினர். 1954இல் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிவைத்த அம்மருத்துவமனைக்கும், அருகிலுள்ள தேனி, மதுரை அரசு மருத்துவமனைகளுக்கும் இங்கிருந்து போகிறவர்கள், நோயைச் சொல்லும்போது குடும்பத்தையும் சேர்த்துச் சொன்னால் போதும். பாதி வேலை முடிந்தது. பிழை தெரிந்தவர்களுக்கு இளவயதிலிருந்தே தொடர் சோதனை உண்டு. முன்னெச்சரிக்கையான அறுவை உண்டு. நோய் வந்த பின்னும், டி.என்.ஏ பழுதுநீக்கத்தின் மற்றொரு வழியை அடைத்துக் கட்டியை அழிக்கும் ஒலாபாரிப் போன்ற மருந்துகள் 2014 முதல் வந்துள்ளன.

முன்னோர் கடல் கடந்து வந்தனர் என்று கேட்பதில் நமக்கு ஒரு மகிழ்ச்சி உண்டு. அதில் தவறில்லை. ஆனால் இந்தப் பிழைக்குக் கப்பல் தேவையில்லை. உயிரணு பிரியும் இடமெல்லாம், எழுத்து இருமுறை வரும் இடமெல்லாம், அது புதிதாக நேரலாம். வார்சாவிலும் நேரும், ஏலமலைச் சரிவிலும் நேரும். யாருடைய குற்றமும் அன்று அது. யாருடைய சாபமும் அன்று. ஏட்டில் பிழை கண்டால் நம் பெரியோர் ஏட்டை எரிக்கவில்லை, ஒளித்து வைக்கவுமில்லை. பிற ஏடுகளை வரவழைத்து ஒப்பிட்டுப் படித்தார்கள். குடும்பத்தின் நோய் வரலாற்றையும் நாம் அவ்வாறே திறந்து வைத்துப் படிக்கப் பழக வேண்டும்.